சிகரத்தை அளந்த சிந்தனையாளர்

நேபாளத்திற்கும் திபெத்திற்கும் இடையே வெண்பனி போர்த்து நிற்கிறது இமயத்தின் தலையாய சிகரம். திபெத்திய மக்கள் அதனைச் சோமோலுங்மா என்று அழைத்து வணங்கி வருகின்றனர். எனினும், உலகிலேயே உயர்ந்த சிகரம் அதுவே என்பதை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை எவரும் அறிந்திருக்கவில்லை. அவ்வுண்மையை வெளிப்படுத்திய பணியுடன் இணைந்து நிற்பவர் ராதாநாத் சிக்தார்.

1813-இல் கல்கத்தாவில் எளிய குடும்பமொன்றில் பிறந்த ராதாநாத், இந்துக் கல்லூரியில் பயின்றார். கணிதத்தில் அவருக்கிருந்த அபாரத் திறமை, 1831-இல் அவரை நில அளவைத் துறைக்கு அழைத்துச் சென்றது. அங்கு ஜார்ஜ் எவரெஸ்டின் கீழ்க் கணிப்பாளராகப் பணியேற்றார்.

அறிவைப் போன்றே நெஞ்சுரமும் அவரிடம் இருந்தது. 1843-இல் டேராடூனில் ஆங்கிலேய மாஜிஸ்திரேட் ஒருவர், அளவைத் துறையின் கூலியாட்களைத் தம் சுமைகளைத் தூக்கும்படிக் கட்டாயப்படுத்தினார். ராதாநாத் அதனைத் துணிந்து தடுத்தார். அதற்காக 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டபோதும் அவர் பணிந்துவிடவில்லை.

அந்நாளில் நேபாளத்தின் எல்லை ஆங்கிலேய அளவையாளர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. எனவே அவர்கள், நூறு மைலுக்கும் அப்பால் பீகார்ச் சமவெளியில் ஆறு இடங்களில் கருவிகளை நிறுவி, பதினைந்தாம் சிகரம் என்று குறிக்கப்பட்ட அம்மலையை நோக்கினர். அத்தொலைவில் பூமியின் வளைவும், காற்றில் ஒளி வளைவதும் பார்வையைப் பிழையாக்கும். அப்பிழைகளைக் களைவது கணிதத்தின் பொறுப்பாயிற்று. தலைமைக் கணிப்பாளரான ராதாநாத்தின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் 1852-இல் அச்சிகரத்தின் தலைமையை உணர்த்தியவர் அவரே எனப் பலரும் போற்றுகின்றனர். 1856-இல் அதன் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. 2020-இல் நேபாளமும் சீனாவும் இணைந்து அறிவித்த 8,848.86 மீட்டர் என்ற உயரத்திற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 30 அடியே!

1865-இல் சிகரத்திற்கு எவரெஸ்டின் பெயர் சூட்டப்பட்டது. 1870-இல் ராதாநாத் மறைந்தார். நில அளவைக் கையேடொன்றை உருவாக்குவதில் அவர் ஆற்றிய உதவி அதன் தொடக்கப் பதிப்பில் நன்றியுடன் குறிப்பிடப்பட்டிருந்தது. 1875-ஆம் ஆண்டுப் பதிப்பிலோ அவரது பெயரே இல்லை. 2004-இல் இந்திய அஞ்சல்துறை அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.

சிகரத்தின் அடிவாரத்தை அவர் மிதித்ததில்லை; அதன் பெயரிலும் அவருக்கு இடமில்லை. ஆயினும், சிரத்தையுடன் செய்யப்பட்ட பணி, செய்தவரின் பெயரை உலகம் மறந்தபோதும் பயனளித்துக்கொண்டே இருக்கும் என்பதற்கு அவரது வாழ்வு சான்றாக விளங்குகிறது.