பேக்கர் துரையும் பாலைவனம் கடந்த படகுகளும்

நமது ஊவாவிலே நீராவிப் படகு ஓடக்கூடிய ஆறு கிடையாது. பதுளு ஓயா நகரைத் தழுவி அமைதியாகச் சென்று, சில மைல்களுக்கப்பால் துன்ஹிந்தவில் இருநூறடிக்கு மேல் வீழ்கின்றது. அத்தகைய ஆற்றில் தோணியும் செல்லாது. எனினும், இம்மலைச் சாரல்களில் துப்பாக்கியேந்தித் திரிந்த ஒருவர், பின்னாளில் நைல் நதியின் வீழ்ச்சிகளுக்கும் மேலே நீராவிப் படகு விட முனைந்தார். அவரே சேர் சாமுவேல் பேக்கர்.

1821இல் இலண்டனிற் பிறந்த பேக்கர், 1846இல் இலங்கைக்கு வந்தார். 1848இல் தம் உடன்பிறந்தாருடன் நுவரெலியாவில் ஆங்கிலக் குடியேற்றமொன்றை நிறுவினார். வேளாண்மையிலும் வேட்டையே அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஊவாவின் காடுகளில் அவர் வீழ்த்திய யானைகள் பல. அக்கொலைகளை அவர் பெருமையாக நூலில் எழுதிவைத்ததை நாம் மெச்சோம். ஓட்டன் சமவெளியில் ஓர் அருவி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1855இல் அவர் இலங்கையை விட்டு நீங்கினார்.

1864 மார்ச் 14ஆம் நாள், புளோரன்ஸ் அம்மையாருடன் நடந்தும் நோயுற்றும் சென்று, நைலுக்கு நீரளிக்கும் பேரேரியொன்றை அடைந்தார். அதற்கு அல்பேட் என்று பெயரிட்டார். அங்கு வாழ்ந்த மக்கள் தமக்கென ஒரு பெயரை முன்னரே வைத்திருந்தனர் என்பது வேறு விடயம். மரத்தைக் குடைந்த ஓடங்களிலே பல நாள் கரையோரமாகச் சென்றபோது, அவ்வேரியின் பரப்பை அவர் கண்டார்.

1869இல் எகிப்தின் அதிபதி இஸ்மாயில், அடிமை வாணிகத்தை ஒழிக்கவும் அந்நாடுகளைத் தம் ஆட்சிக்குள் சேர்க்கவும் அவரை நான்காண்டுக்கு அமர்த்தினார். பேக்கர் இங்கிலாந்தில் 251, 108, 38 தொன் கொண்ட மூன்று நீராவிக் கலங்களைக் கட்டுவித்தார். பெரியது பக்கச் சக்கரங்களால் ஓடுவது. ஏனைய இரண்டும் இரட்டைச் சுழல்விசிறி உடையவை. கார்ட்டூமுக்குக் கீழும், கொண்டகோரோவுக்கு மேலும் நைலில் பாறை வீழ்ச்சிகள் உள. ஆகவே கலங்கள் துண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டத்தக்கவாறு செய்யப்பட்டன. அத்துண்டுகளை ஒட்டகங்கள் நூபியப் பாலைவனத்தின் ஊடே சுமந்தன. வெண்ணைலிலோ மிதக்கும் புல் பெருந்திடலாகி வழியை அடைத்தது. 1870இல் படை திரும்ப நேர்ந்தது. மறு முயற்சியில் வாளாலும் மண்வெட்டியாலும் புல்லை வெட்டி வழி செய்து, 1871 ஏப்ரலிலேயே கொண்டகோரோ சேர்ந்தனர்.

அங்கே இயந்திரம் நின்றது. மனிதர் தோள் வேண்டியிருந்தது. வீழ்ச்சிகளைக் கடந்து மேலே கொண்டுசெல்லப் பாரி இனத்தார் சுமக்க வேண்டும். அவர்தம் கால்நடையைப் படையினர் பறித்திருந்தனர், போரும் நடந்தது. அவர்கள் சுமக்க மறுத்தனர். தலைச்சுமையின் பாரத்தைத் தலைமுறைகளாக அறிந்த தோட்டத்து மக்களிடையே கற்பிக்கும் நமக்கு, அம்மறுப்பு வியப்பளிக்கவில்லை. படகுத் துண்டுகளை விட்டுவிட்டுப் பேக்கர் தரைவழியே தெற்கே போனார். 1872 ஜூனில் மசிந்தியில் தாக்கப்பட்டு, ஊரைத் தீயிட்டுப் பின்வாங்கினார். 108 தொன் கலம் கொண்டகோரோவிலேயே பூட்டப்பட்டு வீழ்ச்சிக்குக் கீழே மிதந்தது. 1873இல் அவர் பணி முடிந்தது.

அவருக்குப் பின் வந்த கோர்டன், 38 தொன் படகின் துண்டுகளை வீழ்ச்சிகளுக்கு மேலே கொணர்வித்துப் பூட்டுவித்தார். 1876இல் அது அல்பேட் ஏரியை அடைந்தது. அப்போது பேக்கர் இங்கிலாந்தில் இருந்தார். 1893 டிசம்பரில் டெவன்ஷயரில் இறக்கும்வரை அவ்வேரியை அவர் மீண்டும் காணவில்லை.