மணக்கும் செடிக்குள் கணக்குப் படித்த ஜானகி அம்மாள்

செட்டிகுளம் மலையில் கையில் கரும்போடு நிற்கும் தண்டாயுதபாணியை நீங்கள் கும்பிட்டிருப்பீர்கள். வீடு திரும்பினால் வாசலில் ஒரு மல்லிகைச் செடியாவது இருக்கும். கரும்பையும் மணப்பூச்செடிகளையும் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஒரு பெண்மணியை இந்த வாரம் தெரிந்துகொள்ளுங்கள். அவர் தாவரவியல் அறிஞர் இ.கே. ஜானகி அம்மாள்.

1897-இல் தலச்சேரியில் பிறந்தார். தந்தைக்குத் தோட்டம் போடுவதில் தனி ஆர்வம். வீட்டுத் தோட்டமே மகளுக்கு முதல் பள்ளி. சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் முனைவர் பட்டம் பெற்றார். பெண்கள் பள்ளி தாண்டுவதே அரிதாக இருந்த காலம் அது.

1934-இல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். கரும்பை மக்காச்சோளம் போன்ற வேறு புல்லினங்களோடும் ஒட்டுச் சேர்த்துப் பார்த்தார். செடியின் ஒவ்வொரு உயிரணுவிலும் குரோமோசோம் என்ற நுண்ணிழைகள் உண்டு. அவற்றின் எண்ணிக்கை தெரிந்தால்தான் எதை எதோடு சேர்க்கலாம் என்று தெரியும். அந்த எண்ணிக்கைதான் அவருடைய வேலை.

பின்னர் இங்கிலாந்து சென்றார். 1945-இல் டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்துப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். விஸ்லி தோட்டத்தில் நம் செண்பகத்தின் உறவான மக்னோலியாவுக்குக் கோல்சிசின் மருந்து கொடுத்தார். குரோமோசோம் இரட்டித்தால் இலை தடிக்கும், பூ பெருக்கும். அப்படி வந்த வெள்ளைப் பூ மக்னோலியா ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கோல்சிசின் உங்களுக்குப் புதிதல்ல. நீங்கள் கண்வலிக்கிழங்கு என்று சொல்லும் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது அதுதான். ஆளைக் கொல்லும் நஞ்சு. அழகுக்காக அதை வேலியில் ஏற்றியிருந்தால், குழந்தைகளும் ஆடு மாடுகளும் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் நாடு திரும்பிய ஜானகி அம்மாள், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைத்தார். 1977-இல் பத்மஸ்ரீ பெற்றார். எண்பது வயதிலும் ஓயவில்லை. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காடு அணையில் மூழ்கக் கூடாது என்று போராடினார். புது ரகம் உருவாக்கத் தெரிந்தவர், பழைய இனம் அழிந்தால் திரும்பாது என்பதையும் அறிந்திருந்தார். 1984 பிப்ரவரியில் சென்னையை அடுத்த மதுரவாயலில், ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த நிலையிலேயே மறைந்தார். அந்தக் காடு அதே ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அவர் வாழ்க்கையிலிருந்து உங்கள் தோட்டத்துக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம்? மல்லிகையை நாம் விதை போட்டு வளர்ப்பதில்லை, குச்சியோ பதியனோதான். குச்சியில் வருவது தாய்ச்செடியின் அச்சு அசல். அதனால் நோயில்லாத, நன்றாகப் பூக்கும் செடியாகப் பார்த்துக் குச்சி எடுங்கள். 30 செ.மீ. நீளம், அகலம், ஆழம் உள்ள குழியில் 10 கிலோ தொழுவுரம் இட்டு, வெயில் படும் இடத்தில் நடுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை நடலாம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

நட்டு வளர்ந்த மல்லிகையை நவம்பர் கடைசி வாரத்திலும், பிச்சியை டிசம்பர் கடைசியிலும், முல்லையை ஜனவரி கடைசியிலும் கவாத்து செய்யுங்கள். மல்லிகையைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டி, காய்ந்த குச்சிகளையும் நீக்குங்கள். புதுத் தளிரில்தான் மொட்டு வரும்.

ஒரே ரகத்தோடு நிற்காதீர்கள். பாட்டி வைத்த பழைய இருவாட்சியோ பவளமல்லியோ கொல்லையில் இருந்தால் வெட்டிவிடாமல், ஒரு பதியன் போட்டு அடுத்த வீட்டுக்கும் கொடுங்கள். ஒரு வீட்டில் பட்டுப்போனாலும் ஊரில் அந்த இனம் பிழைத்திருக்கும்.