வைணு பாப்பு: சூரியனும் ஒரு வால் நட்சத்திரமும்

கொடைக்கானல் போனால் ஏரி, படகு, குறிஞ்சி ஆண்டவர் கோயில் என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அங்கேயே சூரியனை நாள்தோறும் படம் பிடிக்கும் வானாய்வுக்கூடம் ஒன்று நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. அதை நிமிர்த்தி நிறுத்திய எம்.கே. வைணு பாப்புவைப் பற்றி அங்கத்தினர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1927-ல் சென்னையில் பிறந்தவர், வளர்ந்தது ஹைதராபாத்தில். தகப்பனாருக்கு அங்கே நிஜாமியா வானாய்வுக்கூடத்தில் உத்தியோகம். ஹைதராபாத் அரசின் ஸ்காலர்ஷிப்பில் ஹார்வர்ட் போனார். போன சில மாதங்களிலேயே, 1949 ஜூலை 2 இரவு எடுத்த புகைப்படத் தகட்டில் ஒரு புது வால் நட்சத்திரம் அகப்பட்டது. பேராசிரியர் பார்ட் பாக், சக மாணவர் நியூகிர்க் ஆகியோர் பெயர்களோடு இவர் பெயரையும் அதற்குச் சூட்டினார்கள். பாப்பு பெயர்தான் முதலில்! டோனஹோ பதக்கமும் கிடைத்தது.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், வால் நட்சத்திரத்தில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. பெரிய காரியம் பின்னால் வந்தது. நட்சத்திர ஒளியைப் பிரித்தால் அதில் கால்சியத்தின் 'கே' என்ற கருங்கோடு தெரியும். பல நட்சத்திரங்களில் அதன் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று இருக்கும். கீற்று அகலமானால் நட்சத்திரத்தின் உண்மைப் பிரகாசமும் அதிகம். பிரகாசம் தெரிந்தால் தூரத்தைக் கணக்கிடலாம். கலிஃபோர்னியாவில் ஓலின் வில்சனோடு கண்டறிந்து 1957-ல் வெளியிட்ட இதற்கு வில்சன்–பாப்பு விளைவு என்றே பெயர்.

அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். 1953-ல் திரும்பிவிட்டார். முதலில் நைனிடால், 1960-ல் கொடைக்கானல் டைரக்டர். அதே கே கோட்டின் ஒளியில்தான் அங்கே நெடுநாளாகச் சூரியனைப் படம் பிடித்து வந்தார்கள். கரும்புள்ளிகளைச் சுற்றிலும் காந்த வேகம் மிகுந்த இடங்கள் அதில் வெளிச்சமாகத் தெரியும். சுமார் 11 ஆண்டுக்கொரு முறை அவை பெருகிக் குறைவதையும் தொடர்ந்து பார்க்கலாம். பாப்பு காலத்தில் அங்கே சூரியனுக்கென்று கோபுரத் தொலைநோக்கியும் வந்தது.

இரவு வானத்துக்கு அந்த மலை போதாது. ஜவ்வாது மலையில், சந்தனக் காட்டுக்கு நடுவே காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி அங்கே நிறுவப்பட்டது. அடுத்ததை வெளிநாட்டில் வாங்காமல் இங்கேயே செய்ய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 2.34 மீட்டர் கண்ணாடியைப் பெங்களூரிலேயே தேய்த்து மெருகேற்றினார்கள். பல வருஷ வேலை.

1979-ல் சர்வதேச வானியல் சங்கத்தின் தலைவரானார். 1982 ஆகஸ்ட் 19 அன்று, 55 வயதில், ம்யூனிக் நகரில் இருதய அறுவை சிகிச்சைக்குப் பின் காலமானார். கண்ணாடி அப்போது பட்டறையில்தான் இருந்தது. 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி காவலூரில் அந்தத் தொலைநோக்கியைத் திறந்துவைத்து, அதற்கு வைணு பாப்பு பெயரைச் சூட்டினார்.