கேள்விக்குறி இல்லாத கல்லறை: வில்பிரட் ஓவனை வகுப்பறையில் வாசித்தல்

முதலாம் உலகப் போரை ஆங்கிலக் கவிதையில் பதிவு செய்தவர்களுள் இன்று பல நாடுகளின் உயர்தர வகுப்புகளில் வாசிக்கப்படும் ஒருவர் வில்பிரட் ஓவன். இறக்கும்போது அவருக்கு வயது 25. அதுவரை அச்சில் வந்திருந்த அவரது கவிதைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

வன்னியில் உயர்தர மாணவர்களுக்கு ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் நான், ஓவனின் கவிதையைக் கொடுக்கும் முன் அவரது வாழ்க்கையைச் சொல்லிவிடுவது வழக்கம். உவமை எது, உருவகம் எது என்று கோடிட்டுப் படித்தால் பரீட்சையில் புள்ளி கிடைக்கும். ஆனால் பங்கருக்குள் இருந்து செல் சத்தம் கேட்ட பெற்றோரின் பிள்ளைகளுக்கு அது மட்டும் போதாது.

1893 மார்ச் 18ஆம் திகதி, வேல்ஸ் எல்லையை அண்டிய ஒஸ்வெஸ்ட்ரியில் ஓவன் பிறந்தார். தந்தை புகையிரதப் பகுதி ஊழியர். இலண்டன் பல்கலைக்கழக அனுமதிப் பரீட்சையில் ஓவன் சித்தியடைந்தார். ஆயினும் புலமைப்பரிசில் பெறும் அளவுக்குப் புள்ளிகள் இல்லை. பணமில்லாததால் படிப்பு நின்றது. சில காலம் ஒரு கிராமத்துப் பாதிரியாருக்கு உதவியாளராக இருந்தார். பின்னர் 1913இல் பிரான்சின் போர்தோ நகருக்குச் சென்று ஆங்கிலம் கற்பித்தார். போர் தொடங்கி ஓராண்டுக்குப் பின், 1915 ஒக்டோபரில், இராணுவத்தில் சேர்ந்தார்.

1917 ஜனவரியில் முன்னரங்குக்கு அனுப்பப்பட்டார். வெள்ளம் நிறைந்த ஒரு பதுங்குகுழிக்குள், தொடர்ச்சியான செல் வீச்சின் கீழ், சுமார் 50 மணித்தியாலங்கள் தன் ஆட்களுடன் அடைபட்டிருந்தார். வாசலில் காவலுக்கு நின்ற சிப்பாய் பார்வையை இழந்தான். ஏப்ரலில் செல் வெடிப்பில் தூக்கி வீசப்பட்ட ஓவன், இறந்துபோன சக அதிகாரியின் எச்சங்களுக்கு அருகே நாட்கணக்கில் கிடக்க நேர்ந்தது. அதன்பின் அவரது உடல் நடுங்கத் தொடங்கியது. நரம்புத் தளர்ச்சி என்று பதிந்து, எடின்பரோவில் உள்ள கிரெய்க்லொக்கார்ட் போர்க்கால வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள்.

அங்கே அவருக்குச் சிகிச்சை அளித்த வைத்தியர் ஆர்தர் புரொக், நோயாளியை மீண்டும் வேலையோடும் மனிதர்களோடும் இணைப்பதே மருந்து என்று நம்பியவர். அதன்படி ஓவன் வைத்தியசாலைச் சஞ்சிகையின் ஆசிரியரானார். அருகிலிருந்த டைன்காசல் பாடசாலையில் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியமும் கற்பித்தார். போரால் உடைந்த ஒருவர் வகுப்பறையில் நின்று இலக்கியம் சொல்லிக்கொடுத்த அந்த மாதங்களில்தான் அவரது புகழ்பெற்ற கவிதைகள் சில பிறந்தன. அதே வைத்தியசாலையில் இருந்த கவிஞர் சிக்பிரிட் சசூன் அவற்றைப் படித்துத் திருத்தங்கள் சொன்னார்.

ஓவனின் ஓசை நயம் மாணவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று. பல கவிதைகளில் அவர் முழு இயைபைத் தவிர்த்தார். ‘பல்’, ‘பால்’ என்பதுபோல மெய்யொலிகள் ஒத்திருக்கும், நடுவிலுள்ள உயிரொலி மட்டும் மாறும். காது எதிர்பார்த்த ஒலி வராமல் தடுமாறும். எதுவும் முழுமையாகச் சேராத ஓர் உலகத்தைச் சொல்ல அந்த ஓசை பொருந்தியது.

உள்நாட்டிலேயே தங்கியிருக்க வழி இருந்தும், 1918இல் ஓவன் மீண்டும் களத்துக்குப் போனார். ஒக்டோபர் சண்டைக்காக அவருக்கு வீரப்பதக்கம் வழங்கப்பட்டது. நவம்பர் 4ஆம் திகதி, ஓர்ஸ் கிராமத்தருகே கால்வாயைக் கடக்கும் முயற்சியில் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில் போர் ஓய்ந்தது. சுரூஸ்பரி நகரில் போர் நிறுத்தத்துக்காகத் தேவாலய மணிகள் ஒலித்துக்கொண்டிருந்தபோதே மரணத் தந்தி பெற்றோரின் வீட்டை அடைந்தது.

நான் வகுப்பில் அதிக நேரம் செலவிடுவது அவரது கல்லறையில்தான். அதில் பொறிக்க ஓவனின் கவிதை ஒன்றிலிருந்து வரிகளைத் தெரிவுசெய்தவர் தாய் சூசன். இறந்தவர்கள் மீண்டும் எழுவார்களா, மரணம் இல்லாமல் போகுமா என்று அந்தக் கவிதை இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. பின்வரும் வரிகள் தரும் பதில் இல்லை என்பதே. ஆனால் கல்லில் இரண்டாவது கேள்விக்குறி இல்லை, பதிலும் இல்லை. மகனின் ஐயம் அங்கே உறுதியான நம்பிக்கையாக மாறிவிட்டது.

இது தாய் கவிதைக்குச் செய்த அநியாயமா என்று மாணவர்களிடம் கேட்பேன். எழுதியவனின் பொருளை மாற்ற எவருக்கும் உரிமையில்லை என்று சிலர் வாதிடுவார்கள். கல் தாய்க்கானது, கவிதை ஏட்டில் அப்படியேதான் இருக்கிறது என்று மற்றவர்கள் சொல்வார்கள். ஒரு நிறுத்தக்குறியைப் பற்றி விவாதிக்கிறோம் என்பது மறந்துபோகும். இலக்கியப் பகுப்பாய்வு என்பது அவர்களுக்கு அந்த இடத்தில்தான் விளங்குகிறது.

சூசனுக்கு ஒரு தந்தி வந்தது, திகதி தெரிந்தது, எழுத ஒரு கல் இருந்தது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தெருவோரத்தில் போராடத் தொடங்கிய நம் தாய்மாருக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்களின் கேள்விக்குறி இன்னும் அப்படியே நிற்கிறது. அதைப் பிழையின்றி வாசிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை வேண்டும் என்பதற்காகவே ஓவனைத் தொடர்ந்து கற்பிக்கிறேன்.