விசர்நோயும் லூயி பாஸ்டரும்

மாணவர்களே, வன்னியின் கிராமங்களில் நாய் இல்லாத வளவைக் காண்பது அரிது. வயற்காவலுக்கும் மாட்டுப்பட்டிக்கும் அது வேண்டும். ஒருநாள் மாலை உங்கள் வீட்டு நாய் காதில் கடிகாயத்துடன் திரும்பி வருகிறது எனக் கொள்வோம். கடித்தது கட்டாக்காலி நாயா, காட்டோரத்து நரியா என்பது தெரியாது. உங்கள் நாயோ வழமைபோல வாலாட்டுகிறது, சோறும் தின்கிறது. அதன் காயத்தைத் துடைக்க நீங்கள் வெறுங்கையை நீட்டலாமா? இவ்வினாவுக்கு விடை காண உதவிய ஒருவரின் வாழ்க்கையே இங்கு தரப்படுகிறது.

லூயி பாஸ்டர் 1822 டிசம்பர் 27இல் பிரான்சின் டோல் நகரில் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் தொழிலாளி. குடும்பம் பின்னர் ஆர்புவா என்னும் சிற்றூரில் குடியேறியது. 1831இல், லூயிக்கு எட்டு வயதாக இருந்தபோது, விசர்பிடித்த ஓநாயொன்று அவ்வூர்ப்பக்கம் வந்து பலரைக் கடித்தது. கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுசென்று, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயங்களைச் சுட்டனர். அக்காலத்தில் வேறு வைத்தியம் இருக்கவில்லை. சூடு பட்டும் பலர் இறந்தனர்.

அவர் கற்றது வைத்தியம் அன்று, இரசாயனவியல். நொதித்தலுக்கும் பாலும் வைனும் பழுதாவதற்கும் நுண்ணங்கிகளே காரணம் எனக் காட்டினார். பாஸ்டர்முறைப் பாற்காய்ச்சல் பற்றி விஞ்ஞான பாடத்தில் படித்திருப்பீர்கள். 1868இல் பாரிசவாதத்தால் அவரது உடலின் இடப்பக்கம் செயலிழந்தது. அவருடைய பிள்ளைகள் ஐவரில் மூவர் சிறுவயதிலேயே இறந்தனர். அவர்களுள் இருவரைக் கொண்டுபோனது நெருப்புக்காய்ச்சல். ஆயினும் ஆய்வுகூடத்தை அவர் விடவில்லை. 1881இல் ஆடுகளுக்கு அந்திராக்சு நோய்த் தடுப்பூசி ஏற்றி, பலர் முன்னிலையில் அதன் பயனை நிறுவினார்.

விசர்நோய் ஆய்வு 1880இல் தொடங்கியது. இங்கு ஒரு பெரிய தடை இருந்தது. விசர்நோய்க் கிருமி ஒரு வைரசு. அக்கால நுணுக்குக்காட்டியில் அது தெரியாது, குடுவையில் வளர்க்கவும் முடியாது. கண்ணாற் காணாத ஒன்றை வலுவிழக்கச் செய்வது எப்படி? நோய்வாய்ப்பட்ட முயல்களின் முண்ணாணை எடுத்து, உலர்ந்த காற்றுள்ள குடுவையில் தொங்கவிட்டனர். நாட்கள் செல்லச் செல்ல அதன் வீரியம் குறைந்து, ஏறத்தாழ இரு வாரங்களில் இல்லாமற் போயிற்று. மிகப் பழைய முண்ணாணில் தொடங்கி, நாளுக்கு நாள் புதியதை நாய்களுக்கு ஏற்றியபோது அவை நிர்ப்பீடனம் பெற்றன. ஆகவே இத்தடுப்பூசியை முதலிற் பெற்றது மனிதன் அல்லன், நாயே. ஆனால் பிரான்சில் நாய்கள் இலட்சக்கணக்கில் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஊசி ஏற்றுவது அன்று நடவாத காரியம். எனவே கடிபட்ட பின்னர் காப்பாற்ற முடியுமா என அவர் சிந்தித்தார்.

விசர்நாயின் உமிழ்நீரிலுள்ள வைரசு காயத்தினூடாக உட்சென்று, நரம்பு வழியே மூளையை நோக்கி மெதுவாக நகர்கிறது. இதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகும். அந்த இடைவெளிக்குள் உடலுக்கு எதிர்ப்புச் சக்தியை ஊட்டிவிட்டால் நோயை முந்தலாம்.

1885 யூலை 6இல் அல்சாஸ் பிரதேசத்திலிருந்து ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவன் அழைத்துவரப்பட்டான். இரு நாட்களுக்கு முன்னர் விசர்நாயொன்று அவனைப் பல இடங்களிற் கடித்திருந்தது. பாஸ்டர் வைத்தியர் அல்லர் என்பதால் வைத்தியர் கிராஞ்சே ஊசி ஏற்றினார். யூலை 16 வரை 13 ஊசிகள். சிறுவன் பிழைத்தான். எனினும் ஒன்றைச் சொல்லவேண்டும். அச்சிறுவனுக்குக் கையாண்ட அதே முறையைப் பாஸ்டர் அதற்குமுன் நாய்களில் முழுமையாகச் சோதித்திருக்கவில்லை என்பதை அவரது குறிப்பேடுகளை ஆராய்ந்தோர் பின்னாளிற் கண்டறிந்தனர். அவர் துணிந்து எடுத்த முடிவு அது.

அதே ஆண்டு நவம்பரில் லூயிஸ் பெலத்தியே என்னும் பத்து வயதுச் சிறுமியைக் கொண்டுவந்தனர். கடிபட்டு 37 நாட்கள் கடந்திருந்தன. காயம் தலையில். மூளைக்கு அருகில் என்பதால் வைரசுக்கு வழி குறுகியது. காலம் கடந்துவிட்டது என அறிந்தும் பாஸ்டர் மறுக்கவில்லை. டிசம்பரில் சிறுமி இறந்தாள்.

இனி உங்கள் நாயிடம் வருவோம். அதன் காயத்தில், கடித்த பிராணியின் உமிழ்நீர் இருக்கலாம். ஆகவே வெறுங்கையால் தொடக்கூடாது. கையுறை அணிந்து, அது இல்லாவிடின் தடித்த பொலித்தீன் பையைக் கையிற் சுற்றிக்கொண்டு, பெரியவர் ஒருவரே அதைத் தனியே கட்டவேண்டும். சிறுவர்களும் ஏனைய பிராணிகளும் அணுகலாகாது. பின்னர் மிருக வைத்தியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவிக்க வேண்டும். முன்பே தடுப்பூசி பெற்ற நாயாயின் மீண்டும் ஊசி ஏற்றுவர். பெறாததாயின் இடர் மிக அதிகம். வைத்தியர் கூறும் முடிவு உங்களுக்குத் துயர் தருவதாகவும் இருக்கலாம்.

இங்கு மாணவர் பலர் இரண்டு காலங்களைக் குழப்பிக்கொள்கின்றனர். நாய் ஒருவரைக் கடித்தால் அதைக் கொல்லாமல் 14 நாட்கள் அவதானிப்பது இலங்கையின் வழக்கம். நோய்க்குறி தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்னரே வைரசு உமிழ்நீரில் வந்துவிடும் என்பதும், அதன்பின் நாய் நெடுநாள் உயிர்வாழாது என்பதும் இதற்குக் காரணம். ஆனால் உங்கள் நாய் கடிபட்டதாயின் 14 நாட்கள் போதா. வைரசு அதன் மூளையை அடைய மூன்று வாரம் தொடக்கம் மூன்று மாதம் வரை, சிலவேளை ஆறு மாதமும் ஆகலாம். இன்று வாலாட்டுகிறது என்பதற்காக நோயில்லை எனக் கொள்ளமுடியாது.

உங்களைக் கடித்தாலோ, கீறினாலோ, உங்கள் புண்ணை நக்கினாலோ, சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நாயை அவதானித்து முடியட்டும் என வீட்டில் இருக்கக்கூடாது. தொப்புளைச் சுற்றி ஊசி போடும் காலம் போய்விட்டது. இப்போதைய ஊசி கையிலேயே ஏற்றப்படும்.

இலங்கையில் விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893இல், பாஸ்டர் உயிரோடிருந்தபோதே இயற்றப்பட்டது. பாரிசில் அவரது பெயரிலான நிறுவகம் 1888 நவம்பர் 14இல் திறக்கப்பட்டிருந்தது. 1895 செப்டெம்பர் 28இல் அவர் காலமானார். அந்நாளே உலக விசர்நோய் தினமாக அனுட்டிக்கப்படுகிறது. அவரது உடல் அந்நிறுவகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளது. அதன் வாயிற்காவலராகப் பல்லாண்டுகள் பணியாற்றி 1940இல் இறந்தவர், அன்று ஊசி பெற்ற ஜோசப் மைஸ்டர்.