பணிக்கரின் கடைசிச் சித்திரங்கள்

அடையாற்றைக் கடந்து மாமல்லபுரம் செல்லும் சாலையில், ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில், சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமம் இருக்கிறது. அதை நிறுவிய ஸ்ரீ கே. ஸி. எஸ். பணிக்கரின் பெயரால் அங்கே சித்திரசாலை ஒன்றும் உண்டு. அன்னாரின் பிற்காலச் சித்திரங்களைக் காண்போர் முதலில் திகைப்படைவது சகஜம். பிரகாசமான வர்ணப் பரப்பின்மீது மலையாள லிபியை ஒத்த எழுத்துக்கள். நடுவே ஜாதகக் கட்டங்கள், எண்கள், பறவைகள், மீன்கள். எழுத்தைக் கூட்டிப் படிக்க முயன்றாலோ, ஒரு சொல்லும் தேறாது. படிக்க முடியாததை எழுதுவானேன் என்று கோபித்தோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பத்திரங்களைப் படித்தே காலங்கழித்த நமக்கும் முதலில் அந்தக் கோபம் வந்ததை மறைப்பதற்கில்லை. ஆனால் அவரது வாழ்க்கையை அறிந்தால் கோபம் தணியும் என்பது நமது அபிப்பிராயம்.

பணிக்கர் 1911-ஆம் ஆண்டு கோயமுத்தூரில் பிறந்தார். மலையாளக் கரையின் நீர்நிலைகளையும் தென்னஞ்சோலைகளையும் இளமையிலேயே தீட்டிப் பழகினார். குடும்ப பாரம் தோளில் விழவே, படிப்பை விட்டுத் தந்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். கிடைத்த உத்தியோகத்தைக் கெட்டியாகப் பற்றிக்கொள்வதே நம்மவர் வழக்கம். பணிக்கரோ அதைத் துறந்து, இருபத்தைந்தாம் பிராயத்தில் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். கடற்கரையில் உழைப்பாளர் சிலையைப் படைத்த ஸ்ரீ தேவி பிரஸாத் ராய் சௌதுரியே அங்கு அவருக்கு ஆசான். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1954-இல் லண்டனிலும் பாரிஸிலும் தம் சித்திரங்களைக் காட்சிக்கு வைத்தார். 1957-இல் ஆசானுக்குப்பின் பள்ளியின் தலைமையை ஏற்றார்.

இத்தனை கீர்த்தி அடைந்தவர் பழைய பாணியிலேயே தீட்டிச் சுகமாய் இருந்திருக்கலாம். ஆயினும் 1963-இல், ஐம்பதைக் கடந்தபின், சொற்களும் குறியீடுகளும் என்ற புதிய வரிசையைத் தொடங்கினார். மேல்நாட்டுப் புதுமையை அறிந்தும் அதற்கு அடிமையாகாமல், நம் வீட்டு ஓலைச்சுவடியிலும் ஜாதகத்திலும் உள்ள கோடுகளின் அழகைத் திரையில் ஏற்றினார். பொருளை நீக்கிவிட்டால் எழுத்தின் வடிவம் மட்டும் நிற்கும். அவர் காட்ட விரும்பியது அதையே.

இந்தத் துணிவுக்குச் சோறு யார் போடுவது? பள்ளியில் தேறிய வாலிபர்கள் பிழைக்க வழியின்றித் தூரிகையைக் கைவிடுவதை அவர் கண்டார். தனவந்தர் தயவை நாடினால் அவர் விரும்பியதையே தீட்ட நேரும். ஸர்க்கார் தயவும் அத்தகையதே. ஆகவே பகலில் ஒரு பொழுது பாத்திக் துணி முதலிய கைத்தொழில் செய்து, அதன் வருமானத்தில் உண்டு, எஞ்சிய பொழுதில் மனம்போல் தீட்டலாம் என்று வழி காட்டினார். கைத்தொழில் விற்ற பணம் சேர்ந்து நிலமாயிற்று; 1966-இல் சோழமண்டலம் உதித்தது. அடுத்த ஆண்டு கல்லூரிப் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பணிக்கர், 1977-இல் காலமாகும்வரை அந்தக் கிராமத்திற்கு மூத்தவராய் விளங்கினார்.

சுதேசியம் என்பது கதராடையோடு முடிவதன்று. தன் உழைப்பில் உண்பவனுக்கே தன் மனத்திலுள்ளதைச் சொல்லும் உரிமை பூரணமாய் உண்டு. அந்தப் படிக்க முடியாத எழுத்துக்களில் நாம் படிக்கவேண்டிய பாடம் அதுவே. அரசியல் பேசும் நம் வாலிபர்கள் ஒருநாள் ஈஞ்சம்பாக்கம் சென்று அதைக் கண்ணாரக் கண்டு வருவார்களாக.