ஆர்கனை விட்டுப் போனவர்

30 வயசில் நமக்கெல்லாம் பிரமோஷன் கவலை. ஆல்பர்ட் ஷ்வைட்சர் அந்த வயசில்தான், 1905-இல், மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். போதகர், பல்கலைக்கழக ஆசிரியர், பாக் இசையில் பேர் பெற்ற ஆர்கன் கலைஞர். இயேசுவின் வழியில் ஆப்பிரிக்காவுக்குப் போவதென்று முடிவெடுத்ததும், உயிருக்கு உயிரான ஆர்கனுக்கு முழுக்குப் போட்டுவிடத் தயாரானார். காட்டில் ஆர்கன் ஏது? விரலும் காலும் துருப்பிடிக்கட்டும் என்றே இருந்தார்.

பாரீஸ் பாக் சங்கத்தாருக்கு மனசு கேட்கவில்லை. வெப்பமண்டலத்துக்கென்றே செய்து, ஆர்கன் போலக் காலால் வாசிக்கும் பெடல்களும் பொருத்திய பியானோவைக் கொடுத்தனுப்பினார்கள். (எஞ்சினியர் புத்தி, இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டேன்.)

1913 புனித வெள்ளியன்று மனைவி ஹெலேனுடன் கிளம்பினார். லாம்பரீனேயில் நாளெல்லாம் நோயாளிகள். ஓய்வு கிடைத்தால் பாக், அதுவும் நிதானமாக, மனப்பாடமாக. பிறகு ஐரோப்பாவில் ஆர்கன் கச்சேரி செய்தே ஆஸ்பத்திரிக்குப் பணம் சேர்த்தார். 1965-இல் 90 வயசில் லாம்பரீனேயிலேயே காலமானார், கல்லறையும் அங்கேதான்.